ஐந்தாவது விலக்கு

போன மாதம் செட்டிபாளையத்தில் உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்திருந்தேன். புதிதாகத் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்கள் முப்பது பேர் வரையில் இருந்தீர்கள். பின்வரிசையில் இருந்த ஒரு தங்கை எழுந்து, "ஐயா, சபைச் செலவக் குறைக்கிறதுக்கு நாங்க ஒரு பிரேரணை கொண்டு வரப் போறம். எப்பிடி எழுதினா எல்லாரும் கை உயத்துவாங்க?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. நான் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவிவிட்டேன். அரசியலில் இருந்தவனுக்கு நழுவுவது ஒன்றும் புதிதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஒப்பவில்லை. செலவைக் குறைக்கும் சட்டம் ஒன்றை எழுதி, கை உயர்த்த வைத்தவன் நான். அது எப்படி நடந்தது, பிறகு என்ன ஆனது என்பதை உங்களுக்கு எழுதிவிடுவதுதான் முறை.

நான் மாகாண சபையில் ஒரு தவணை உறுப்பினராக இருந்தேன். அந்தச் சபைக்குத் தேர்தல் நடந்து எத்தனையோ வருடங்களாகின்றன. உங்களில் இளையவர்களுக்கு அப்படி ஒரு சபை விவாதித்தது, சண்டை பிடித்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிந்தது எல்லாம் கேள்விப்பட்ட கதைதான்.

நான் சபைக்குப் போன முதல் வருடம் உன்னிச்சைப் பக்கம் ஒரு வயல் வட்டைக்குள் மதகு ஒன்று கட்டினார்கள். ஒரு மாட்டு வண்டி போகும் அகலம், அவ்வளவுதான். அதற்கு அடிக்கல் நாட்ட ஒரு விழா, திறந்து வைக்க ஒரு விழா, மக்களிடம் கையளிக்க ஒரு விழா. ஒவ்வொரு தடவையும் பந்தல், குத்துவிளக்கு, பூமாலை, பதாகை, எல்லோருக்கும் சோற்றுப் பொதி. மூன்றாவது விழாவில் நானும் மேடையில் இருந்தேன். கூட்டம் கலையும்போது ஒரு விவசாயி என்னிடம் வந்து, "மெம்பர் ஐயா, விழா எல்லாம் முடிஞ்சிட்டா? இனி நாங்க தண்ணியத் திறக்கலாமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். என் கழுத்தில் மாலை இருந்தது. அதைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கோபத்தில் எழுதியதுதான் சட்டம். விதி மிகவும் எளிமையானது. போன வருடம் ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு செலவானதோ, அதற்கு மேல் இந்த வருடம் அந்த வேலைக்குச் செலவழிக்கக் கூடாது. ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பத்திரிகைகளுக்குப் பிடித்துப்போனது. தேற்றாத்தீவில் என் படத்தைப் போட்டு, 'செலவுக்குக் கடிவாளமிட்ட செம்மல்' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். நாலு வர்ணம், பளபளக்கும் தாள். அந்தச் செலவுக்கு யார் கடிவாளம் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. நின்று இரண்டு தரம் பார்த்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சட்டம் நிறைவேற வேண்டுமானால் ஆளும் பக்கத்திலிருந்தும் வாக்குகள் வர வேண்டும். அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: விதியிலிருந்து சிலவற்றுக்கு விலக்குத் தர வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன், ஆனால் நூல் பிடித்ததுபோல ஐந்து விலக்குகள் மட்டும், ஆறாவது இல்லை. முதலாவது விலக்குச் சம்பளத்துக்கு. இரண்டாவது மருந்துக்கு. இந்த இரண்டையும் அவர்கள் கேட்காவிட்டாலும் நானே கொடுத்திருப்பேன். மூன்றாவது அமைச்சர்களின் வாகனங்களுக்கும் எரிபொருளுக்கும். அதைக் கொடுத்ததும் இரண்டு வாக்குகள் வந்தன. நான்காவது, ஏற்கெனவே ஒப்பந்தம் கொடுத்துவிட்ட வீதி வேலைகளுக்கு. அதிலும் இரண்டு வாக்குகள். ஐந்தாவதை மட்டும் எவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். ஒரு வாக்குக் குறைந்தது.

வாக்கெடுப்பு நாளன்று காலை விவாதம் முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தோம். இரண்டு மணிக்கு வாக்கெடுப்பு. நிதிப் பகுதியில் ஒரு மூத்த அதிகாரி இருந்தார். பெயரைச் சொன்னால் அந்த அம்மாவுக்குப் பிடிக்காது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் முக்கியமான எதையும் பேசுவார். சாப்பாட்டு அறை வாசலில் என்னை மறித்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"சேர், ஐந்தாவது விலக்க ஆருக்கும் குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல மிஸ்."

"அப்பிடியெண்டா ஒரு வரி எழுதித் தாறன். போன வருசம் திருத்த வேலையில கிடந்த சேவைகளுக்கு விலக்கு எண்டு போடுங்க. மூண்டு சேவைதான் இரிக்கி. அதில ஒண்டு படுவான்கரைப் பாதை."

பாதை என்று அவர் சொன்னது, வாவியைக் கடந்து அதன் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகும் சேவையை. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற பெரிய மிதப்பு அது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பாதை என்றுதான் பெயர். அதற்கு முந்திய வருடம் மிதவைகள் துருப்பிடித்து ஏழு மாதம் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஆகவே அந்த வருடம் அதற்கான எரிபொருளும் ஆட்கூலியும் ஐந்து மாதத்துக்குத்தான் செலவாகியிருந்தன. என் சட்டத்தின்படி வாக்கெடுப்பு நடந்த வருடமும் ஐந்து மாதத்துக்கு மேல் அது ஓடக் கூடாது.

அந்த அம்மா சொல்லி முடித்த கையோடு உள்ளேயிருந்து இன்னொருவர் என்னைக் கூப்பிட்டார். ஆளும் பக்கத்தின் பழைய உறுப்பினர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரை அண்ணன் என்போம். விரால் மீன் குழம்போடு சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

"தம்பி, என்ட வாக்கு வேணுமெண்டா ஒண்டு மட்டும் செய்யுங்க. கலாசார நிகழ்வுகள், பொது வைபவங்கள். அதுக்கு விலக்கு."

"அண்ணன், நான் இந்தச் சட்டத்தக் கொண்டு வந்ததே அதுக்குத்தானே?"

"அது எனக்குத் தெரியாதா? அதாலதான் கேக்கன்."

நான் யோசித்தது இரண்டு நிமிடம்கூட இருக்காது. வாக்கெடுப்பைப் பிற்போடும்படி கேட்டிருக்கலாம். கேட்டால் அடுத்த மாத அமர்வுக்குப் போகும். அதற்குள் வாங்கிய நாலு வாக்குகளில் குறைந்தது இரண்டு கழன்றுவிடும். ஒன்றுமில்லாமல் போவதைவிட ஓட்டையோடாவது ஒரு சட்டம் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொன்னேன். வாசலுக்குத் திரும்பிப் போய், "முதல்ல நிறைவேறட்டும் மிஸ். பிறகு திருத்துவம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "பிறகு எண்டு ஒரு கூட்டம் நிகழ்ச்சி நிரலில வந்தத நான் இன்னும் காணல்ல, சேர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாக்கு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். விட்டுக்கொடுத்தது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. விட்டுக்கொடுக்காமல் சபையில் ஒரு முடிவும் வராது. அப்படி இருக்க நினைப்பவர்கள் வீட்டில் இருப்பதே நல்லது. நான் செய்த பிழை வேறு. அன்றைக்கு என் முன்னால் இரண்டு பேருக்கான கோரிக்கை இருந்தது. ஒருவருக்குச் சபையில் கை இருந்தது. பாதையில் போகிறவர்களுக்குக் கை இல்லை. கை இருந்தவருக்குக் கொடுத்தேன். முழுச் சட்டத்தையும் திரும்ப வாசித்துப் பாருங்கள், எல்லா விலக்கும் அப்படித்தான் போயிருக்கிறது. கடைசியில் என் கடிவாளம் எவருமே கேட்டு வராத வேலைகளின் வாயில்தான் ஏறியிருந்தது. அதை அன்றே பார்த்திருக்கலாம். எனக்கு அப்போது வாக்குகளை எண்ணுகிற வெறி.

அந்த வருடம் மே மாதக் கடைசியில் பாதை நின்றது. ஓட்டுகிறவர் அதை இந்தக் கரையில் கட்டிவிட்டு, எஞ்சினைக் கழற்றிக் கொண்டுபோய்த் திணைக்களத்தில் ஒப்படைத்துவிட்டார். நாலாம் நாள் செல்வமணி என்ற பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். படுவான்கரையில் ஒரு கிராமத்து மாதர் சங்கத்தின் தலைவி. மீன்பிடிக்கிற தோணியில் வந்திருந்தபடியால் சேலைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னேன். துணி நாசமாகும் என்று நின்றுகொண்டே பேசினார்.

அவருடைய மகள் இந்தக் கரையில் உள்ள பள்ளிக்கூடத்தில் உயர்தரத்தில் கணிதம் படித்தாள். அந்தக் கிராமத்திலிருந்து கணிதப் பிரிவுக்குப் போன முதல் பிள்ளை. பரீட்சை ஓகஸ்டில். பாதையில் வந்தால் இருபது நிமிடம். பாலத்தைச் சுற்றிப் பேருந்தில் வந்தால் காலையில் இரண்டு பாடம் முடிந்துவிடும். பின்னேரப் பேருந்தைத் தவறவிட்டால் இறங்குமிடத்திலிருந்து வீடு வரை யானை திரிகிற வழி.

"படிச்சது போதும், பள்ளிய விட்டு நிப்பாட்டுவம் எண்டு அவள்ற அப்பா சொல்றார். நான் ஒரு மாதத் தவணை கேட்டிரிக்கன் மெம்பர் ஐயா. அதுக்குள்ள பாதைய விட்டுத் தருவீங்களா?"

"திணைக்களத்தக் கேட்டுப் பாக்கிறன் அம்மா."

"கேட்டுட்டுத்தான் வாறன். அது உங்கட சட்டமாம்."

அப்போது நான் செய்ததுதான் இரண்டாவது பிழை. முதலாவதைவிட மோசம், ஏனென்றால் அதைச் செய்யும்போது எனக்கு மிகவும் நன்றாக இருந்தது. என் சொந்தப் பணத்தில் ஒரு எஞ்சின் தோணியைப் பேசி, அந்தக் கரையிலிருந்து வரும் பிள்ளைகளைக் காலையில் ஏற்றி மாலையில் விடும்படி ஏற்பாடு செய்தேன். ஒன்பது பிள்ளைகள். ஊர் என்னைப் புகழ்ந்தது. சட்டத்தைத் தொட வேண்டிய தேவை இல்லாமல் போனதில் எனக்குப் பெரிய ஆறுதல். தோணியில் நெல் ஏற்ற முடியாது, சைக்கிள் ஏற்ற முடியாது, கிளினிக்குக்குப் போகிற கர்ப்பிணிகள் ஏறப் பயந்தார்கள். அதையெல்லாம் நான் கேட்கவில்லை.

ஜூன் நடுவில் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. பின்னேரமானால் வாவியில் நிற்க முடியாத அலை. தோணிக்காரர், "காசு தந்தாலும் புள்ளயள ஏத்த மாட்டன். ஒண்டு தவறி விழுந்தா ஆரு பதில் சொல்ற?" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. அவருக்கு இருந்த பொறுப்பு எனக்கு இருக்கவில்லை என்பது வெட்கமாக இருந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு செல்வமணியைச் சந்தைக்குப் பக்கத்தில் கண்டேன். பிள்ளை என்ன செய்கிறாள் என்று விசாரித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து விட்டிருப்பதாகச் சொன்னார். பால் கறக்கிற இரண்டு மாட்டையும் விற்றுத்தான் வாடகை முற்பணம் கொடுத்தாராம். தாய் ஒரு கரையில், பிள்ளை ஒரு கரையில். நான் ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்தேன். சபையில் பேசிப் பழகிய வாயில் என்ன வரும்? "கஷ்டந்தான் அம்மா. ஆனா மொத்தமாப் பார்த்தா இந்த வருசம் மாகாணத்துச் செலவு குறைஞ்சிரிக்கி" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு பிழையான கணக்கைத் திருத்துகிற தொனியில்தான் சொன்னார்.

"செலவு குறையல்ல ஐயா. அங்கயிருந்து எங்கட வீட்டுக்கு மாறி வந்திரிக்கி. அவ்வளவுதான்."

அவர் போன பிறகும் நான் வெயிலில் அதே இடத்தில் நின்றேன். சபையில் எனக்கு எதிராகப் பேசியவர்கள் எத்தனையோ பேர். ஒருவர்கூட என் சட்டத்தை இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

அன்றே அண்ணனைத் தேடிப் போனேன். ஐந்தாவது விலக்கை விட்டுத் தாருங்கள், அந்த இடத்தில் பாதையைப் போடுகிறேன் என்று கேட்டேன். அவர் என்னை ஊஞ்சலில் இருத்தித் தோடம்பழச்சாறு தந்தார்.

"தேர்தல் வருது தம்பி. வைபவம் ஒண்டும் இல்லாம நான் எப்பிடிச் சனத்துக்கு முன்னால போய் நிக்கிற? அது நீங்களாத் தந்தது. தந்ததத் திருப்பிக் கேக்கிறது நல்ல பழக்கம் இல்ல."

"ஒரு புள்ளட படிப்பு அண்ணன்."

"நான் வேணுமெண்டா அந்தப் புள்ளய மேடையில ஏத்தி ஒரு பரிசு குடுக்கன்."

கேலி செய்யவில்லை. உண்மையாகவே உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார். அவரை இன்றைக்கும் என்னால் வெறுக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

ஆறாவது விலக்குக் கேட்கலாம் என்றால், ஒன்றைத் திறந்தால் முப்பது வரும் என்று ஆளும் தரப்பு மறுத்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரே வழி. சட்டத்தை முழுதாக நீக்குவது. என் கட்சிக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். ஐந்து வருடத்தில் நாங்கள் செய்ததென்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தச் சட்டம் மட்டும்தான். தேர்தல் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தப் 'பிறகு' எனக்குப் பழக்கமானது. தேர்தல் ஒக்டோபரில். பரீட்சை அதற்கு முன்னால் முடிந்துவிடும்.

நிதிப் பகுதிக்குப் போய் அந்த அம்மாவிடம் நீக்கல் பிரேரணையை எப்படி எழுதுவதென்று கேட்டேன். அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துத் தந்தார். எல்லாம் எழுதியிருந்தது. திகதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"எப்ப எழுதினீங்க மிஸ்?"

"அண்டைக்கு நீங்க சாப்பிடப் போன நேரம், சேர்."

ஜூலை அமர்வில் எழுந்து பேசினேன். நீளமாகப் பேசவில்லை. இந்தச் சட்டத்தை எழுதியது நான், அதில் உள்ள பிழையும் என்னுடையது, அதனால் படுவான்கரை மக்கள் ஏழு மாதம் வாவியைக் கடக்க முடியாமல் இருக்க வேண்டியிருக்கிறது, ஆகவே இதை நீக்கும்படி கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. அதை என் எதிரிகள் நடிப்பு என்று பிறகு எழுதினார்கள்.

வாக்கெடுப்பில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரும் கையை உயர்த்தினார்கள். அந்தச் சபையின் ஆயுளில் ஏகமனதாக நிறைவேறிய பிரேரணை வேறு எதுவும் எனக்கு நினைவில் இல்லை. மேசையில் அதிகமாகத் தட்டியவர் அண்ணன்தான். பந்தலுக்கும் மாலைக்கும் எந்தத் தடையும் இருக்கவில்லை என்றாலும், தடையே இல்லை என்பதில் ஒரு தனி சந்தோசம் இருக்கும் போல. ஒரு பாதையை விடுவிக்க நான் அத்தனை கதவுகளையும் திறந்துவிட்டேன் என்பது அந்தச் சத்தத்தில் நன்றாக விளங்கியது. இதைவிடச் சிறந்த ஒரு வழி இருந்தது. அது சில மாதங்களுக்கு முன்னால், சாப்பாட்டு அறை வாசலில் இருந்தது.

ஒக்டோபரில் நான் தோற்றேன். சொன்னதை மாற்றுகிறவன் என்று பேசினார்கள். அது ஒரு பக்கம் உண்மைதான் என்பதால் நான் மறுக்கப் போகவில்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது தேர்தலைப் பற்றி அல்ல. பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது பாதை மீண்டும் ஓடத் தொடங்கிய காலையைப் பற்றி. விழா எதுவும் வைக்க வேண்டாம் என்று திணைக்களத்துக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஏழு மணிக்கே துறைக்குப் போய்விட்டேன். அக்கரையிலிருந்து முதலாவது பாதை வந்தது. சைக்கிள்கள், மரக்கறிக் கூடைகள், வெள்ளைச் சட்டையில் பிள்ளைகள், நடுவில் செல்வமணி. என் கண் கலங்கிவிட்டது. மகளைக் கூட்டிப்போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பெட்டி படுக்கை இருக்கும், என் வாகனத்தில் அந்த அறையிலிருந்து துறைக்கு ஏற்றிக் கொடுப்போம் என்று மனதில் திட்டமும் போட்டுவிட்டேன்.

அவர் இறங்கினார். தலையில் ஒரு அரிசிப் பை, கையில் ஒரு தேங்காய்க் கட்டு.

"பிள்ளைய வீட்ட கூட்டிப் போக வந்தீங்களா அம்மா? என்ட வாகனம் நிக்கி."

"இல்ல ஐயா. அவளுக்குச் சாமான் கொண்டு வந்தன். அவள் சோதினை முடியுமட்டும் அறையிலதான்."

"ஏன்? இனி பாதை ஓடுமே?"

அவர் தலையிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். என்னை நோகடிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அது முகத்தில் தெரிந்தது. சொல்லாமல் விடவும் அவரால் முடியவில்லை.

"இண்டைக்கு ஓடுது ஐயா. நாளைக்கு நீங்க கூடி என்ன கை உயத்துவீங்களெண்டு எனக்குத் தெரியாதே."

தேங்காய்க் கட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அந்த அறை வரைக்கும் அவருக்குப் பின்னால் நடந்தேன்.